மதிலுக்கு அந்தப் பக்கம் ஹெப்பாள்

மஸ்கட்,
14 ஜனவரி 2024

அன்புத் தங்கை ஜெனிஃபருக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். உன் சுகத்துக்கும், முக்கியமாக உன் நாக்கின் சுகத்துக்கும் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று போனில் நீ பேசிய பேச்சுக்குப் பிறகு எனக்கு பிரஷர் இறங்கவே இல்லை. அதனால் இனி நாம் எழுத்தில் பேசுவோம். எழுதும்போதாவது என்னை நடுவில் வெட்டிப் பேச உன்னால் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் நகரத் திட்ட ஆபீசில் நீங்கள் போடுகிற மைசூரு மாஸ்டர் பிளானில், எங்கள் லேக் பிரீஸ் லே-அவுட்டை ஒட்டிக் கிடக்கும் பழைய நூல் மில் நிலத்தில் சின்னச் சின்ன வீடுகள் வரப்போவதாக அசோசியேஷன்காரர்கள் சொல்கிறார்கள். அது போதாதென்று எங்கள் மெயின் ரோட்டின் கடைசியில் இருக்கும் மதிலை உடைத்து, ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு நேர் வழி திறந்து, பஸ்ஸும் விடப்போகிறீர்களாம். இந்த வெயிலில் இத்தனை வருஷம் வெந்து நான் வாங்கிய வீடு அது. ஃபேக்டரி ஆட்கள் வாசலில் கும்பல் கும்பலாக நடந்துபோவதைப் பார்க்கவா வாங்கினேன்?

உனக்கு அது ஒரு கோடு. கொஞ்சம் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. உன் மேலதிகாரி சந்துரு சாரிடம் ஒரு வார்த்தை சொல்.

லே-அவுட் வீட்டில் நிம்மி நலம். இப்போது ஓய்வாக இருக்கிறாள். மகள் மங்களூரு ஹாஸ்டலில் நன்றாகப் படிக்கிறாள்.

அண்ணன்,
மேக்ஸ்வெல்


மண்டி மொஹல்லா, மைசூரு,
22 ஜனவரி 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நாக்கும் நலம். உன் பிரஷருக்கு மாத்திரையைத் தவறாமல் போடு. அதற்கும் என்மேல் பழி வேண்டாம்.

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டின்போது படித்தேன். சிரித்ததில் புரையேறியது. லேக் பிரீஸ்! அங்கே ஏரியும் இல்லை, காற்றும் இல்லை. உன் மொட்டை மாடியில் நின்றால் மில் நிலத்துக்கு அப்பால் ஹெப்பாள் ஃபேக்டரி கேட் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர ரிங் ரோட்டில் ஏறி ஊரையே ஒரு வலம் வரவேண்டும். நடுவில் நிற்பது மலையா, ஆறா? உங்கள் மதில். லே-அவுட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராமத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூரிலிருந்து வந்த பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். உங்கள் ரோட்டில் விட்டால் நடந்தே வேலைக்குப் போய்விடுவார்கள். விடாததால் ஷேர் ஆட்டோவில் பிதுங்கி, புகையைக் குடித்துக்கொண்டு சுற்றிப் போகிறார்கள்.

இந்த ஊரில் புகை ஏன் கூடுகிறது என்று கேட்டு பெரிய பெரிய மீட்டிங் நடக்கிறது. வீட்டை ஒரு கோடியில் வைக்கிறார்கள், வேலையை மறு கோடியில் வைக்கிறார்கள், கடையை எங்குமே வைப்பதில்லை. பிறகு நடுவில் ஓடும் வண்டிக்கு டீசல் ஊற்றலாமா, மின்சாரம் ஏற்றலாமா என்று ஏசி ரூமில் வாதம். வீட்டையும் வேலையையும் பக்கத்தில் வை, கீழே கடை இருக்கட்டும், ரோட்டை மறிக்காதே. பாதி வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வராது. சந்துரு சாரோ புகையைக் குறைக்கும் அத்தியாயத்துக்கு எலெக்ட்ரிக் கார் படம் தேடிக்கொண்டிருக்கிறார். "மேடம், பேக்ரவுண்ட்ல அரண்மனை வரணும்" என்கிறார்.

இன்னொன்று. அந்த ரோடு உங்களுடையதே இல்லை. லே-அவுட்டுக்கு அனுமதி வாங்கும்போதே பொது ரோடு என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதன்மேல் கேட் போட்டு, யூனிஃபார்ம் மாட்டி ஒருவரை நிறுத்தினால் உங்களுடையதாகிவிடுமா? கோடு தள்ளிப்போகாது.

அண்ணி ஓய்வாக இருக்கிறார்கள் என்றாயே, லீவா? நர்ஸுக்கு இவ்வளவு நீளமான லீவை எந்த ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள்?

தங்கை,
ஜெனிஃபர்


மஸ்கட்,
11 பிப்ரவரி 2024

தங்கை ஜெனிஃபருக்கு,

சுகம். உன் சுகம் உன் எழுத்திலேயே தெரிகிறது, தனியாக விசாரிக்கவில்லை.

நீ கேட்பதற்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாம் ஐந்து பேர் மண்டி மொஹல்லாவில் இரண்டு ரூமில் கிடந்தோம். கீழே வெங்காய மண்டி, மேலே நாம். என் ஸ்கூல் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாசனை போகாது. பெஞ்சில் பக்கத்துப் பையன் தள்ளி உட்காருவான். டீச்சர் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். அப்பாவிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குக் கீழே கடை, கடைக்குப் பக்கத்தில் வேலை என்று நீ படத்தில் அழகாகக் கலர் அடிக்கிறாயே, உனக்கு அது படிப்பு. எனக்கு அது வெங்காயம்.

அதிலிருந்து வெளியே வர எனக்குப் பாதி ஆயுசு ஆயிற்று. நீ அங்கேயே மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஆபீசுக்கு சைக்கிளில் போய், அதைப் பெருமை என்று வேறு சொல்லிக்கொள்கிறாய். உன் வயதில் உன்னோடு படித்தவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் பார்.

மார்ச்சில் ஆட்சேபணைக் கூட்டமாமே. எங்கள் ஆட்கள் வருவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்.

மேக்ஸ்வெல்


மண்டி மொஹல்லா,
9 மார்ச் 2024

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. நன்றாக இருப்பாய் என்றே தெரிகிறது.

கூட்டம் நேற்று ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உன் லே-அவுட்டிலிருந்து ஆளுக்கொரு காரில் வந்தார்கள். தெருவே அடைத்துக்கொண்டது, பால் வண்டி பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து அவர்கள் சொன்ன முதல் ஆட்சேபணை என்ன தெரியுமா? மதிலைத் திறந்தால் போக்குவரத்து நெரிசல் ஆகுமாம். ஒருவர் மரங்களுக்காகக் குரல் தழுதழுத்தார். அவர் வீட்டில் நிழல் தருவது கார் ஷெட் தகரம் மட்டும். இன்னொருவர், "அந்த வகை ஆட்கள் நடமாட ஆரம்பித்தால் பாதுகாப்பு போய்விடும்" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த பாப்பாயி என்ற பெண் எழுந்தார். ஹெப்பாளில் ஒயர் கட்டும் யூனிட்டில் வேலை. கன்னடத்தில் ஆரம்பித்தவர் கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்துவிட்டார். "ஏனுங்க, நாங்க உங்க ரோட்டச் சுருட்டி மடியில கட்டிக்கிட்டா போயிருவோம்? மேல நடந்துதானுங்க போறோம்!" மண்டபத்தின் பின்பாதி கைதட்டியது. முன்பாதி போனைப் பார்த்தது.

அதற்குப் பதில் சொல்ல உங்கள் பக்கத்தில் எழுந்தவர் யார் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நிம்மி அண்ணி. கையில் டைப் அடித்த இங்கிலீஷ் பேப்பர். தலையைத் தூக்காமல் படித்தார்கள். எங்கள் குழந்தைகளின் பாதுகாப்பு, எங்கள் வாழ்க்கைத் தரம், எங்கள் அமைதி. பாப்பாயிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அதற்காகத்தானே இங்கிலீஷ்? படித்து முடித்ததும் என் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டார்கள்.

நேருக்கு நேர் என்னோடு மோத உனக்குத் தைரியம் இல்லை. பெண்டாட்டியை அனுப்பியிருக்கிறாய். இத்தனை நாள் அண்ணிக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். லேக் பிரீஸில் குடியேறும்போது அதையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

ஜெனிஃபர்


மஸ்கட்,
13 மார்ச் 2024

ஜெனிஃபர்,

என் பெண்டாட்டியைப் பற்றி எழுத உனக்கு உரிமை இல்லை. குடும்பம் நடத்திப் பார்த்திருந்தால் தெரியும். அவள் அவளாகவே விரும்பிப் பேசினாள்.

மேக்ஸ்வெல்


மஸ்கட்,
19 மே 2024

அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? ஈஸ்டருக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், நீ எழுதாததையா நான் எழுதினேன்? விட்டுவிடு.

அந்தப் பக்கம் போனால் நிம்மியை ஒரு எட்டுப் பார். போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்கிறாள். பின்னால் ஒரே இரைச்சல், ஹாரன், யாரோ கூவி விற்கிற சத்தம். கேட்டால் டிவி என்கிறாள். எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய டிவி இல்லை. வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லையாம். அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். ஆனால் அங்கே எல்லா வசதியும் இருக்கிறது. நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் மாற்றிவிட்டார்களாம், படம் வந்தது.

அண்ணன்,
மேக்ஸ்வெல்


மண்டி மொஹல்லா,
2 ஜூன் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நான் நலம். மழை தொடங்கிவிட்டது; தெரு முழுக்கச் சேறு.

அண்ணி நலமாக இருக்கிறார்கள். நிறம் வந்திருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்கள். நேற்று என்னைவிட இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பு இல்லை என்று குறை வேறு சொன்னார்கள். அவர்களைப் பற்றி மார்ச்சில் நான் எழுதியதை நீ கிழித்துப்போடலாம். உன்னைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.

ஆபீஸ் செய்தி: சந்துரு சாருக்கு அரண்மனை பின்னணியில் கார் படம் கிடைத்துவிட்டது. மில் நிலத்தைப் பற்றி மேலிடத்தில் "மறுபரிசீலனை" நடக்கிறது. அந்த வார்த்தைக்கு எங்கள் ஆபீசில் ஒரே அர்த்தம்தான். உன் அசோசியேஷன்காரர்களைக் கேக் ஆர்டர் செய்யச் சொல்.

தங்கை,
ஜெனிஃபர்


மஸ்கட்,
7 ஜூலை 2024

ஜெனிஃபர்,

நீ சுகமாகத்தான் இருப்பாய்.

இன்று அசோசியேஷன் செக்ரட்டரி போன் செய்தார். எங்கள் லான் காய்ந்துபோய் லே-அவுட்டின் அழகு கெடுகிறதாம். "ரொம்ப நாளா லைட் எரியல சார், ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார். நிம்மியைக் கூப்பிட்டால், "ஜெனிகிட்ட கேளுங்க, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

என்ன டூட்டி? அவள் எங்கே இருக்கிறாள்? தோசை சாப்பிட்டாள் என்று எழுதினாயே, யார் வீட்டில்?

மேக்ஸ்வெல்


மண்டி மொஹல்லா,
10 ஜூலை 2024

அண்ணா,

முதலில் உட்கார். அண்ணி பத்திரமாக இருக்கிறார்கள். இந்தத் தெருவுக்கு அடுத்த தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே ஒரு போர்ஷன் எடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் மறுபடி வேலை. நடந்து போகிறார்கள், நடந்து வருகிறார்கள். இதை உன்னிடம் தாமாகச் சொல்லும்வரை நான் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தார்கள்.

ஆட்சேபணைக் கூட்டத்துக்கு அடுத்த வாரம் என் கதவைத் தட்டினார்கள். நான் உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்கள்: "ஜெனி, நான் பேசல. பேப்பர்தான் பேசிச்சு. உங்கண்ணன் போன்ல, நீ எழுந்து படிச்சாதான் ஜெனி வாய் அடைக்கும்னாரு. படிச்சேன். அந்தப் பொண்ணு என்னையே பாத்துட்டிருந்தா. எனக்கு மூஞ்சி எங்க வச்சிக்கறதுன்னே தெரில."

பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. நைட் டூட்டி முடித்துத் திரும்பும்போது ரிங் ரோட்டில் கண் செருகி, கார் நடுத் தடுப்பில் ஏறியது. உனக்குத் தெரியும். வேலையை விடு, உனக்கென்ன குறை என்றாய். எனக்கு அதை "ஓய்வு" என்று எழுதினாய். அதற்கப்புறம் அண்ணி ஸ்டீயரிங் பக்கமே போகவில்லை. அந்த வீட்டில் கார் இல்லாமல் என்ன செய்வது? "ஆட்டோ வராது. பஸ் கிடையாது. பால் வேணும்னா ஆப்ல போடணும். கொண்டுவர்ற ஆளு கேட்டுல நின்னு போன் பண்ணுவான். ஒரு நாளைக்கு நான் பேசற மனுஷன் அவன் ஒருத்தன்தான் ஜெனி. அதுக்கப்புறம் கேட்டுல அவனையும் உள்ள விடறத நிறுத்திட்டாங்க."

நான் ஊருக்கெல்லாம் படம் போட்டு விளக்குகிறேன். என் அண்ணி அங்கே அடைபட்டுக் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. ஏளனம் செய்வதில் இருந்த சுறுசுறுப்பு, ஒரு நாள் போய்ப் பார்ப்பதில் இல்லை. அதை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன். நீ உன் பங்கை வைத்துக்கொள்.

சத்தம் டிவி இல்லை. கீழே பித்தளை தட்டுகிறார்கள்.

ஜெனிஃபர்


லேக் பிரீஸ், மைசூரு,
16 டிசம்பர் 2024

அன்புத் தங்கை ஜெனிஃபருக்கு,

ஊருக்கு வந்தும் உனக்கு எழுதுகிறேன். நேரில் வந்தால் உன் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கும்; அதைப் பார்க்க இன்னும் தெம்பு வரவில்லை. ஐந்து மாதம் எழுதாததற்கும் அதே காரணம்தான்.

நிம்மி ஏர்போர்ட்டுக்கு வந்தாள். மைசூரு வந்ததும் சாவியை என் கையில் வைத்து, "நீங்க அங்க போங்க, எனக்கு நாளைக்கு மார்னிங் டூட்டி" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் பேசத் தெரியும்.

அவளுடைய கார் ஷெட்டிலேயே நின்று நின்று பேட்டரி செத்துக் கிடக்கிறது. நேற்று பிரெட் வாங்கலாம் என்று நடந்து வெளியே போனேன். ரிங் ரோட்டில் நடக்க ஓரமே இல்லை. லாரிகள் சட்டையை உரசிக்கொண்டு போகின்றன. கடையைக் கண்டுபிடித்து, வியர்த்து, தூசியோடு திரும்பினால் கேட்டில் புது செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான். "நடெதுகொண்டு பரோரு ஹிந்தின கேட்டு!" என்றான். நடந்து வருகிறவர்கள் பின் கேட்டில்தான் வரவேண்டுமாம். நான் இங்கே வீட்டுக்காரன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓனர்னா கார்ல வருவாங்க சார்" என்றான். பின் கேட்டில், வேலைக்காரப் பெண்களோடு வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, என் வீட்டுக்குள் வந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களாண்ணா, எந்த வீடு?" என்று கேட்டாள். என் வீட்டு நம்பரைச் சொன்னேன். "அங்க யாரும் இல்லீங்களே" என்றாள்.

சாயந்திரம் அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து, மதிலைத் திறந்துவிடலாம் என்றேன். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. செக்ரட்டரி, மஸ்கட்டில் இருப்பவர்களுக்கு இங்கத்திய நிலவரம் தெரியாது என்றார்.

உங்கள் பிளானுக்கு ஆட்சேபம் எழுதப் படிவம் இருக்கிறது. ஆதரவு என்று எழுத எங்கே இருக்கிறது? சொன்னால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே வரட்டுமா என்று நிம்மியிடம் கேட்டுச் சொல். நானே கேட்டிருக்கலாம்.

அண்ணன்,
மேக்ஸ்வெல்


மண்டி மொஹல்லா,
20 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

மஸ்கட் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. இருமல் விட்டதா? நாங்கள் இருவரும் நலம். கிறிஸ்துமஸ் அன்று நீ அண்ணியின் போர்ஷனில் பாய் போட்டு, பித்தளைச் சத்தத்தில் தூங்கியதை இங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

பிளான் போன வாரம் வெளியாகிவிட்டது. அட்டையில் அரண்மனை, அதன்முன் எலெக்ட்ரிக் கார். சந்துரு சார் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மில் நிலம் "பிரீமியம் குடியிருப்பு" ஆகிவிட்டது. சின்ன வீடுகளைத் தூக்கி, ஊருக்கு அந்தக் கோடியில், பஸ் எட்டிப் பார்க்காத கரம்பில் போட்டிருக்கிறார்கள். அங்கே குடிபோகிறவர்கள் ஹெப்பாளுக்கு வர, மெயின் ரோடுவரை நடந்து, இரண்டு பஸ் மாறவேண்டும். புகையைக் குறைக்கும் அத்தியாயத்திலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள், வெட்கமில்லாமல். உங்கள் மதில் நிற்கும் இடத்தில் ரோடு புள்ளிக்கோடாக இருக்கிறது. புள்ளிக்கோடு என்றால், எங்களுக்குத் தெரியும், ஆனால் செய்யமாட்டோம் என்று அர்த்தம்.

உன் ஆதரவுக் கடிதத்தைக் கொடுத்தேன். "இத எதுல சேக்கறது மேடம், ஆட்சேபணைக்கு மட்டும்தானே கட்டம் இருக்கு?" என்று சந்துரு சார் விழித்தார். கடைசியில் ஆட்சேபணைகளோடு சேர்த்துவிட்டார். பிளான் தயாரித்தவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். அதை மட்டும் உடனே செய்தார்கள். வேலையை விடவில்லை, அடுத்த திருத்தம் வரும்போது அதே கோட்டை மறுபடி போட அங்கே ஓர் ஆள் வேண்டும். பாப்பாயியும் அவர் கூட்டாளிகளும் கோர்ட்டுக்குப் போக வக்கீல் பார்த்திருக்கிறார்கள். ரோடு பொது என்பதற்கான காகிதங்களை அவர்களுக்கு எடுத்துக்கொடுத்தது நான்தான். உன் செக்ரட்டரியிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்.

வீட்டை வாடகைக்கு விட நீ நெட்டில் போட்ட விளம்பரத்தைப் பார்த்தேன். நான்கு படுக்கையறை, நீச்சல் குளம், அமைதியான சூழல். கடைசி வரி: "சொந்தக் கார் உள்ளவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும். நடந்து போகும் தூரத்தில் எதுவும் இல்லை."

அண்ணியிடம் காட்டினேன். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் செருப்பைப் போட்டபடியே படித்தார்கள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

"நல்லா எழுதியிருக்காரு" என்றார்கள். "வாங்கறதுக்கு முன்னாடி எனக்கும் இத சொல்லியிருக்கலாம்."

படியிறங்கிப் போய்விட்டார்கள். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
ஜெனிஃபர்